ஜேமாலில் அணுக்களுக்குப் பெயர் ஒட்டுவது எப்படி?

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வேதியியல் ப்ராஜெக்டுக்கு மூலக்கூறு படம் வேண்டும் என்று என்றாவது ஒருநாள் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருவார்கள். இதற்கு ஜேமால் என்ற இலவச புரோகிராம் நன்றாகப் பயன்படுகிறது. ஜாவா நிறுவப்பட்ட எந்தக் கம்ப்யூட்டரிலும் இது இயங்கும். ஃபைலை விரித்து, ஜேமால்.ஜார் என்பதில் டபுள் கிளிக் செய்தால் போதும். படத்தைத் திறப்பது எளிது. அணுக்களின் பெயர்களைச் சரியான இடத்தில் வைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பெயர் கொஞ்சம் தள்ளிப் போனால் என்ன என்று நினைக்க வேண்டாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோபிலினும் ஒரே வாய்பாடு கொண்டவை: 7 கார்பன், 8 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். தியோபிலினில் மீதைல் தொகுதிகள் 1, 3 எண் நைட்ரஜன்களிலும், தியோபுரோமினில் 3, 7 எண் நைட்ரஜன்களிலும் உள்ளன. மூன்றிலும் இருந்தால் அது நம் காபியில் உள்ள கஃபீன். ஆக, எண் தவறான நைட்ரஜனின் மேல் விழுந்தால் படம் வேறொரு பொருளின் படமாகி விடும்.

பப்கெம் இணையதளத்தில் கஃபீன் என்று தேடி, அதன் முப்பரிமாண எஸ்டிஎஃப் ஃபைலை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். ஜேமாலில் ஃபைல், ஓப்பன் மூலம் அதைத் திறக்கவும். நீலமாகத் தெரிபவை நைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், சாம்பல் கார்பன், வெள்ளை ஹைட்ரஜன். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டைல், லேபிள்ஸ் என்று சென்றால் தனிமத்தின் குறி, அணுவின் பெயர், அணுவின் எண் என்று பிரிவுகள் கிடைக்கும். அதே மெனுவில் பெயரை எங்கே வைப்பது என்ற பிரிவும் உண்டு: நடுவில், மேல் வலம், கீழ் வலம், மேல் இடம், கீழ் இடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அணு எண் என்று ஜேமால் காட்டுவது ஃபைலில் அந்த அணு எழுதப்பட்டுள்ள வரிசை எண். பாடப்புத்தகத்தில் உள்ள 1, 3, 7 எண்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புத்தக எண் வேண்டுமானால் நாமே எழுத வேண்டும். அணுவின் மேல் மவுஸ் பாயிண்டரை நிறுத்தினால் அதன் வரிசை எண் தெரியும். அது 4 என்றால் ஃபைல் மெனுவில் கன்சோலைத் திறந்து, கீழே உள்ளவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து, ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டுங்கள்.

செலக்ட் ஆட்டம்னோ=4
லேபிள் என்7
செட் லேபிள்ஆஃப்செட் 12 12

முதல் வரி அந்த அணுவைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது பெயரைத் தருகிறது. என்7 என்ற இடத்தில் உங்கள் புத்தகம் அந்த அணுவுக்குத் தரும் எண்ணைப் போடுங்கள். மூன்றாவது வரிதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. முதல் எண் வலப்பக்கம், இரண்டாவது மேற்பக்கம். முன்னால் மைனஸ் போட்டால் இடமும் கீழும் போகும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஜேமால் இரண்டையும் 4 என்று எடுத்துக் கொள்ளும்.

இந்த எண்கள் திரையின் புள்ளிகள், அதாவது பிக்சல்கள். மவுஸ் வீலால் படத்தைப் பெரிதாக்கினால் அணு உருண்டை பெரிதாகும், ஆனால் பெயர் அதே 12 புள்ளி தூரத்திலேயே நிற்கும். படத்தைத் திருப்பினாலும் பெயர் அணுவின் மேல் வலத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம் இப்போது வேறு அணு வந்திருக்கலாம். எனவே முதலில் விண்டோவின் அளவு, பிறகு திருப்பம், பிறகு ஜூம், கடைசியில்தான் பெயர் என்ற வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் நகர்த்த வேண்டி வரும்.

பின்னால் உள்ள அணுவின் பெயரை முன்னால் உள்ள உருண்டை மறைத்து விட்டால் 'செட் லேபிள்ஃப்ரன்ட் ஆன்' என்று கொடுக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள அணுக்களின் பெயர்கள் முன்னுக்கு வந்து விடும். பலரும் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை. பின்னால் உள்ள நைட்ரஜனின் பெயர் முன்னால் உள்ள கார்பனின் மேல் உட்கார்ந்து விட்டால், பார்ப்பவர் அதைக் கார்பனின் பெயர் என்றே படிப்பார். கஃபீனின் இரு வளையங்களும் தட்டையானவை என்பதால், நேர் எதிரே தெரியும்படி திருப்பினாலே பெரும்பாலான மறைவு போய் விடும். அப்படியும் முடியாத சிக்கலான மூலக்கூறுகளில் 'செட் லேபிள்பாயிண்டர் ஆன்' கொடுங்கள். பெயரிலிருந்து அணுவுக்கு ஒரு கோடு போகும். பெயரைத் தாராளமாகத் தள்ளி வைக்கலாம்.

பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் 'பேக்கிரவுண்ட் ஒயிட்' கொடுத்துக் கறுப்புப் பின்னணியை மாற்றி விடுங்கள், இங்க் மிச்சம். ஆனால் பெயர்கள் அணுவின் நிறத்தையே எடுத்துக் கொள்பவை. ஹைட்ரஜனின் வெள்ளை எழுத்து வெள்ளைத் தாளில் காணாமல் போகும். 'செலக்ட் ஆல்' கொடுத்து, அடுத்து 'கலர் லேபிள் பிளாக்' கொடுத்தால் எல்லாம் கறுப்பாகும். பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று படமாக சேவ் செய்யலாம். சிறு எழுத்துகளின் ஓரம் ஜேபெக்கில் மங்கும். பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுங்கள்.