உயிராபத்து இல்லாத வருத்தத்துக்கு எங்கே போவது?

ஊர் திரும்பியதும் காணி துப்புரவு, கிணறு இறைப்பு, கூரை வேலை என்று கை ஓயாது. அதற்கிடையில் தகரம் வெட்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இவற்றுக்கெல்லாம் தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். "பிறகு பார்ப்போம்" என்று விட்டாலோ சிறிய காயமும் பெரிதாகும்.

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்கு சிகிச்சை இலவசம். மேலதிக சிகிச்சை தேவையென்றால் வைத்தியரே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்.

தாமதிக்கக் கூடாதவை

• துருப்பிடித்த தகரம், கம்பி, ஆணி பட்ட காயம்: சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் கட்டிக்கொண்டு அன்றே போங்கள். ஏற்புவலித் தடுப்பூசி தேவைப்படலாம்.

• நாய், பூனை கடித்தால் அல்லது கீறினால்: சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே போங்கள். விசர்நோய் வந்தபின் காப்பாற்றுவது மிக அரிது; தடுப்பூசியால் அதை வராமல் தடுக்கலாம்.

• காய்ச்சல்: வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்பதால் அஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் கட்டாயம் காட்டுங்கள். காய்ச்சல் விடும் நேரத்திலும் டெங்கு கடுமையாகலாம். வயலில், சேற்றில் வேலை செய்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

உடனே 1990 ஐ அழையுங்கள்

பாம்புக்கடி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், நிற்காத இரத்தம், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். பாம்பு கடித்த இடத்தை வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது.

கொண்டு போக வேண்டியவை

கிளினிக் கொப்பி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, இப்போது பாவிக்கும் மருந்தின் உறை. இடம்பெயர்ந்தபோது இவை தொலைந்திருந்தால் அதற்காகத் தயங்கி வீட்டில் இருக்காதீர்கள். என்ன வருத்தம், எங்கே மருந்து எடுத்தீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். நீரிழிவு, பிரஷர் மருந்து எடுப்பவர்கள், கையிருப்பு முடியுமுன்பே புதிய இடத்துக் கிளினிக்கில் பதியுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதி, கதவில் ஒட்டிவையுங்கள்:

1. மிக அருகிலுள்ள வைத்தியசாலை எது?
2. வெளிநோயாளர் பிரிவு திறந்திருக்கும் நாட்களும் நேரமும் என்ன?
3. இரவில் எந்த வைத்தியசாலைக்குப் போகலாம்?

வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவர்களுக்கு இது உதவும்.