எங்கள் கண்மாயில் மூன்று மீன்கள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களுள் ஒன்று. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் தூண்டில் பாடம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, நெட்டித் தக்கை, முள்ளில் ஒரு மண்புழு, அவ்வளவுதான் கருவிகள். தக்கை ஆடுவதைக் கண்டே இன்ன மீன் என்று சொல்லிவிடுவார். கொறித்துக் கொறித்து ஆடினால் கெண்டை. சாய்ந்து நகர்ந்தால் கெளுத்தி. ஒரே முழுக்காக முழுகினால் விரால்.

சென்ற பொங்கல் விடுமுறையில் நான் தனியே தூண்டில் போட்டேன். மாலைக்குள் 12 மீன்கள் கிடைத்தன. அவற்றுள் 11 ஜிலேபி, ஒன்று கெளுத்தி. கண்மாயில் மீன் குறையவில்லை; மீனின் வகைகளே குறைந்திருக்கின்றன. இது ஏன்? ஒரு மீன் எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது. மூன்று மீன்களை எடுத்துக்கொள்வோம்.

கெண்டையின் வழி

கெண்டை இனங்கள் பல, புதுவெள்ளம் கண்டதும் முட்டையிடக் கிளம்புகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்காலிலும் கலுங்கிலும் நீரை எதிர்த்து ஏறுவதை எங்கள் ஊரில் ‘ஏத்து மீன்’ என்பார்கள். அவற்றின் வயிறு முட்டையால் பருத்திருக்கும். அந்த நேரத்தில்தான் ஊரே கூடையோடு அங்கே நிற்கும்!

மீன்பாசி ஏலம் எடுத்தவர் விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டு ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் இவை முட்டையிடுவதில்லை. 1957-இல் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிவியலாளர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி இத்தகைய கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குஞ்சு உற்பத்தி எளிதாயிற்று. எனினும் கண்மாயில் இவை தாமாகப் பெருகுவதில்லை. ஆகவே குத்தகைதாரர் மீண்டும் மீண்டும் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது.

விராலின் வழி

விரால் காற்றைச் சுவாசிக்க வல்லது. நீர் வற்றினால் சேற்றிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். செடிகொடி நிறைந்த ஓரத்தில் முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே திரியும்போது, கீழே நின்று காவல் காக்கும். அந்தக் காவலே அதற்கு ஆபத்து. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையைக் கட்டிய தூண்டிலை இறக்கினால் தப்பாமல் பாயும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறையில் நானும் அப்படி ஒரு விராலைப் பிடித்தேன். கரையில் நின்றவர்கள் பாராட்டினார்கள். நான்கு நாள் கழித்து அதே இடத்தில் தேடினேன். குஞ்சுக் கூட்டத்தைக் காணவில்லை. தந்தையாரிடம் சொன்னேன். “காவல்காரனைப் பிடிச்சுட்டா வீடு தங்குமாப்பா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜிலேபியின் வழி

திலாப்பியா என்னும் பெயரே நம் நாவில் ஜிலேபி ஆயிற்று. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் மீன் தரையில் குழி பறிக்கும்; பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பின்னரும் ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். வெள்ளம் வேண்டாம், செடி வேண்டாம். சில மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி குன்றி, விரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். பாசியோடு பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் உண்ணும்.

குற்றம் யாருடையது?

இதையெல்லாம் வகுப்பில் படித்துவிட்டு, “இந்த மீனை ஒழிக்க வேண்டும்” என்று வீட்டில் பேசினேன். “அந்த மீன்தானடா உன்னை வளர்த்தது” என்றார் அம்மா. உண்மைதான். வஞ்சிரம் வாங்க வழியில்லாத வீடுகளில் குழம்பு மணப்பது ஜிலேபியால்தான். அம்மீன் தானாக இங்கு வரவில்லை, நாம் கொண்டுவந்தோம். வரத்துக்காலை அடைத்தோம், ஏறி வந்த சினை மீனைக் கூடையில் அள்ளினோம், காவல் நின்ற விராலைப் பிடித்தோம். வெள்ளமும் காவலும் தேவைப்படாத மீன் ஒன்றே வாழத்தக்க இடமாகக் கண்மாயை மாற்றியது நாம்தானே?

வந்துவிட்ட ஜிலேபியை இனி முற்றாக ஒழிப்பது அரிது. ஆனால் இன்னொன்று வராமல் தடுக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அக்குஞ்சையோ, கண்ணாடித் தொட்டி மீனையோ நீர்நிலையில் விடாதிருப்போம். முதல் வெள்ளத்தில் ஏறும் மீனை ஏறவிடுவோம். குஞ்சோடு நிற்கும் விராலை விட்டுவிடுவோம்.

என் தந்தையார் 19 மீன்களின் பெயர்களைச் சொன்னார், குறித்துவைத்திருக்கிறேன். அவற்றுள் நான் கண்ணால் கண்டவை 9. நண்பர்களே, அடுத்த விடுமுறையில் நீங்களும் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். நம் துறையில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.