மூச்சைத் திருப்பிக் கொடுத்தல்: தீவிர சிகிச்சைத் துறையின் இளம் மருத்துவருக்கு ஒரு கடிதம்



வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து நோயாளியை விடுவிக்கும் பணிக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் இட்ட பெயர், குழந்தைக்குப் பால் மறக்கடித்தலைக் குறிக்கும் சொல்லாகும். தாய் பாலைச் சிறிது சிறிதாகக் குறைப்பதைப் போல மருத்துவரும் கருவியின் உதவியை நாள்தோறும் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை அச்சொல் விதைத்துவிடுவதால், பயிற்சியின் தொடக்கத்திலேயே அதை ஐயத்தோடு அணுகுவது நல்லது. கருவி பொருத்தப்பட்டதற்கான காரணம் தீர்ந்துவிட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் தாமாகவே மூச்சுவிட வல்லவர்களாக இருக்கிறார்கள். அந்த வல்லமையை ஒருவர் சோதித்துப் பார்ப்பது மட்டுமே எஞ்சியிருக்கிறது.

1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் காற்றுப்பையைக் கையால் அழுத்தும்படி ஏற்பாடு செய்தார். இன்றைய வென்டிலேட்டர் சிகிச்சை அந்த மாணவர்களின் கைகளிலிருந்து வளர்ந்தது எனலாம். கை களைத்துப்போகும், களைத்த கை, இன்னும் எத்தனை நாள் என்று தானே கேட்கும். கருவி களைப்பதில்லை என்பதால் அந்தக் கேள்வியை எழுப்பும் கடமை முழுவதும் மருத்துவரைச் சேர்ந்ததாகிவிட்டது.

கேள்வி தாமதமாவதற்குரிய விலையை நோயாளியின் உடல் செலுத்துகிறது. மார்பையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் உதரவிதானமே மூச்சின் முதன்மைத் தசை; கருவி அதன் வேலையை முழுமையாக ஏற்றுக்கொள்ளும்போது அது விரைவாக மெலிகிறது. மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வரை கருவியில் இருந்த உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதான இழைகள், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் இழைகளைவிடக் குறுக்குவெட்டுப் பரப்பில் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவியை நோயாளியின் மூச்சுக்குழலோடு இணைக்கும் குழாய் வழியே வரும் நுரையீரல் தொற்றும், மயக்க மருந்தால் விளையும் மனக்குழப்பமும், படுக்கையிலேயே தளர்ந்துபோகும் கைகால்களும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இவ்வளவு தெரிந்தும் தாமதம் நேர்வதற்குக் காரணம், இருவகைத் தவறுகளில் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரிவதே. குழாயை அவசரப்பட்டு எடுத்து, சில மணி நேரத்தில் மீண்டும் செருக நேர்ந்தால் அத்தவறு அனைவர் முன்னிலையிலும் நிகழ்கிறது. இரண்டு நாள் முன்னரே எடுத்திருக்கக்கூடிய குழாயை வைத்திருப்பது எவர் கண்ணிலும் தவறாகப் படுவதில்லை. நோயாளி தாமே பிடுங்கிவிட்ட குழாயை மீண்டும் செருகத் தேவையில்லாமல் போகும் நிகழ்வுகள் எல்லாப் பிரிவுகளிலும் உண்டு. அத்தகைய நோயாளி ஒவ்வொருவரும் மருத்துவரின் தயக்கத்துக்கு எதிரான சாட்சியாவார்.

இத்தயக்கத்துக்கு மருந்தாக அமைவது ஒழுங்கு. உதவியைப் படிப்படியாகக் குறைக்கும் முறைகளோடு ஒப்பிடுகையில், நாளுக்கு ஒரு முறை நோயாளியைத் தாமே மூச்சுவிடச் செய்து சோதிக்கும் முறை விடுவிப்பை விரைவாக்குகிறது என்பதை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் எஸ்தெபானும் அவருடைய குழுவினரும் 1995இல் நிறுவினர். மறு ஆண்டு அமெரிக்காவில் ஈலி குழுவினர் 300 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, அன்றாடச் சோதனை முறையாக நடந்து அதன் முடிவு மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டாலே கருவியில் கழியும் நாட்கள் குறைகின்றன என்று காட்டியது. மயக்க மருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்வது இதனுடன் இணைய வேண்டும். உறங்கும் நோயாளியிடம் மூச்சைச் சோதிப்பது பெரும்பாலும் மருந்தைச் சோதிப்பதாகவே முடியும்.

சோதனைக்கு முன் பார்க்க வேண்டியவை சிலவே: நோயின் காரணம் தணிந்து வருகிறதா, 40 முதல் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஆக்சிஜனில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு நிலைக்கிறதா, இரத்த அழுத்தம் மருந்தின்றியோ சிறிதளவு மருந்துடனோ நிற்கிறதா, நோயாளி தாமாக மூச்சை இழுக்கிறாரா என்பவை அவை. இவை நிறைவேறினால், டி வடிவக் குழாய் வழியாகவோ, கருவியின் உதவியை மிகக் குறைந்த அளவில் வைத்தோ, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை நோயாளி தாமே மூச்சுவிட விடப்படுகிறார். நிமிடத்துக்கு 35க்கு மேல் மூச்சு ஓடுதல், ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குதல், நாடித்துடிப்பு வெகுவாக ஏறுதல், வியர்த்துப் பதறுதல் ஆகியன சோதனையை நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். நிமிட மூச்சு எண்ணிக்கையை, ஒரு மூச்சில் உள்ளே செல்லும் காற்றின் லிட்டர் அளவால் வகுத்து வரும் எண் 105க்கு மேற்பட்டால் தோல்வி வரக்கூடும் என்று யாங், டோபின் இருவரும் 1991இல் காட்டினர். எனினும் அந்த எண், நோயாளியின் முகத்தைப் பார்க்கும் கண்ணுக்கு மாற்றாகாது.

சோதனையில் தேறுவதும் குழாயை எடுக்கத் தகுதி பெறுவதும் இரு வேறு செய்திகள் என்பதை இளம் மருத்துவர் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னது நுரையீரலையும் தசையையும் பற்றியது. பின்னது தொண்டையையும் இருமலையும் பற்றியது. சளியை இருமி வெளியேற்றும் வலு இருக்கிறதா, சளி எவ்வளவு அடிக்கடி உறிஞ்சப்படுகிறது, நாள்பட்ட குழாயால் குரல்வளை வீங்கியிருக்கிறதா என்று தனியே பார்த்தாக வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ இதய நோயோ உள்ளவர்களுக்குக் குழாயை எடுத்தவுடனேயே முகமூடி வழிச் சுவாச உதவியைத் தொடங்குவது, மீண்டும் குழாய் செருகும் தேவையைக் குறைக்கிறது.

சோதனை தோற்றால், மாலையிலேயே மறுபடி சோதிப்பதைவிடக் காரணத்தைத் தேடுவதே பயன் தரும். களைத்த மூச்சுத்தசை மீள ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகக்கூடும். கருவியின் அழுத்தம் விலகியதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் இதயத்தின் சுமையும் ஒருசேரக் கூடுவதால், அதுவரை மறைந்திருந்த இதயப் பலவீனம் நுரையீரலில் நீர்கோப்பதாக வெளிப்படுவதுண்டு. அந்நோயாளிக்குத் தேவைப்படுவது சிறுநீர் பெருக்கும் மருந்தே ஒழிய மேலும் ஒரு வாரக் கருவி வாசமன்று. உடலில் தேங்கிய நீர், பாஸ்பேட்டுக் குறைவு, நரம்பு தசைத் தளர்ச்சி, மனக்குழப்பம், அச்சம் ஆகியவற்றையும் வரிசையாகத் தேட வேண்டும்.

அச்சம் அவ்வரிசையில் கடைசியாக நின்றாலும் மருந்தில்லாமலே தணியக்கூடியது. குழாய் குரலைப் பறித்திருப்பதால் கேள்வி கேட்க முடியாமல் கிடக்கும் முதியவரிடம், "ஐயா, இப்போது மெஷின் உதவியைக் குறைக்கிறோம், கொஞ்சம் மூச்சு வாங்கும், சிஸ்டர் பக்கத்திலேயே இருப்பார், முடியாவிட்டால் உடனே பழையபடி வைத்துவிடுவோம்" என்று சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. சொன்ன வாக்கைக் காப்பதும் சிகிச்சையின் பகுதியே.

குழாய் எடுக்கப்பட்ட எவருக்கும் மீண்டும் செருக நேர்ந்ததில்லை என்று ஒரு பிரிவு பெருமை கொள்ளுமானால், அங்கே பலர் வேண்டாத நாட்களைக் கருவியில் கழித்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு காலையிலும், ஒவ்வொரு படுக்கையின் கேஸ் ஷீட்டிலும், இந்நோயாளி இன்றும் ஏன் வென்டிலேட்டரில் இருக்கிறார் என்பதற்கான விடையை இளம் மருத்துவர் தம் கையால் எழுதட்டும்; எழுத விடை கிடைக்காத நாளில், சோதனையைத் தொடங்கட்டும்.