சூட்டுக் கொப்புளமா, உள்முடியா?

சவரம் செய்த இரண்டாம் நாள் தாடைக்குக் கீழே, சட்டைக் காலர் உரசும் இடத்தில் நாலைந்து புடைப்புகள் சிவந்து நிற்கும். கை பட்டாலே எரியும். வீட்டில் காட்டினால் என்ன ஏது என்று பார்ப்பதற்கு முன்பே வைத்தியம் வந்துவிடும்: எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி, கொஞ்ச நாளைக்குக் கோழிக்கறி வேண்டாம்.

நம்பிக்கை: இது உடம்புச் சூட்டால் வரும் கொப்புளம்.

உண்மை: இளநீரைத் தாராளமாகக் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அங்கே குத்திக்கொண்டிருப்பது உங்கள் முடியேதான், அதாவது உள்முடி. சுருண்ட முடியைப் பிளேடால் சாய்வாக வெட்டும்போது நுனி கூராகிவிடுகிறது. அது வெளியே வளர்ந்து, வளைந்து, பக்கத்திலேயே தோலைத் துளைத்து மறுபடி உள்ளே போகிறது. இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட வழித்தால், கையை எடுத்ததும் வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் மயிர்க்காலின் சுவரையே குத்தும். எப்படி நுழைந்தாலும் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான். முள் தைத்த இடம் போல வீங்கிச் சிவக்கிறது, சில சமயம் சீழும் வைக்கிறது. நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புடைப்பின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடோ, இரு முனையும் தோலுக்குள் போன சின்ன வளையமோ தெரியும்.

‘என் முடி நேராகத்தானே இருக்கிறது’ என்று கேட்பவர்கள் தலைமுடியை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். தாடியும் அக்குள், தொடையிடுக்கு முடியும் பெரும்பாலும் அதைவிடத் தடித்துச் சுருண்டு வளரும். கழுத்தில் ஒரே திசையிலும் வளராது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். அமெரிக்க ராணுவத்தில் இதற்காகவே சவர விலக்குக் கேட்பதும் அதையொட்டிய சர்ச்சையும் பல்லாண்டு விவகாரம். மயிர்க்காலின் கெரட்டின் மரபணு ஒன்றில் இருக்கும் சிறு மாற்றம் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. சுத்தக் குறைவுதான் காரணம் என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

நம்பிக்கை: முடியைப் பிடுங்கி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

உண்மை: பிடுங்கிய இடத்தில் முளைக்கும் அடுத்த முடி, தோலைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்பே உள்ளே குத்தக்கூடும். நகத்தால் கிள்ளுவதும் ஊக்கால் நோண்டுவதும் இன்னும் மோசம். நம் தோலில் புண் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்குத் தாடையிலும் நெஞ்சிலும் தழும்பு தடித்துக் கெலாய்டாகவே மாறிவிடும். வளையம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ஒன்று செய்யலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒற்றி, கிருமி நீக்கிய ஊசி முனையை வளையத்துக்கு அடியில் கொடுத்து நுனியை வெளியே தூக்கி விட்டால் போதும். வேரோடு இழுக்க வேண்டாம். தெரியாத முடியைத் தேடிப் போகவும் வேண்டாம்.

உண்மையான மருந்து செலவில்லாதது, ஆனால் யாருக்கும் பிடிக்காதது: ஒரு மாதம் சவரத்தை நிறுத்துங்கள். முதல் ஓரிரு வாரம் புடைப்பு கூடினாற்போலத் தெரியும். பலர் அங்கேதான் பொறுமை இழந்து பிளேடை எடுக்கிறார்கள். முடி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டால் வளையம் தானே விடுபட்டு வெளியே வரும். முகூர்த்தமோ அலுவலக விதியோ குறுக்கே நின்றால் ஒரு மில்லிமீட்டராவது விட்டுவைக்கும் டிரிம்மர் போதும்.

நம்பிக்கை: கன்னம் வழவழவென்று இருந்தால்தான் நல்ல சவரம்.

உண்மை: சலூனில் ஒருமுறை மேலிருந்து கீழே, பிறகு நுரை பூசி எதிர்த்திசையில் இன்னொருமுறை. அந்த இரண்டாவது இழுப்புதான் வினை. ‘ஒருமுறை போதும், எதிர்ப்பக்கம் வேண்டாம்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். வெந்நீரில் குளித்த பிறகு முடி இளகியிருக்கும், வீட்டில் வழிப்பவர்கள் அப்போது வழிக்கலாம். தோலை இழுக்காமல், முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், மழுங்காத பிளேடால் வழிக்க வேண்டும். கடைசியில் தேய்க்கும் படிகாரம் சிறு வெட்டின் ரத்தத்தை நிறுத்தும், அவ்வளவுதான். உள்ளே போன முடியை அது வெளியே கொண்டுவராது. எல்லார் முகத்திலும் தேய்த்த அதே கட்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: சவரம் செய்தால் முடி தடிக்கும், அதனால் வாக்ஸிங் நல்லது.

உண்மை: தடிக்காது. 1928-இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் சோதித்து எழுதிவிட்டார். வெட்டிய முனை மெலியாமல் முடியின் முழுப் பருமனோடு நிற்பதால் தடவும்போது அப்படித் தோன்றுகிறது. வாக்ஸிங்கில் சில முடிகள் தோலுக்கடியில் முறிந்து நிற்கும், புதிதாக வரும் முடியும் மெலிந்த நுனியோடு வரும். கை, கால், அக்குளில் உள்முடி வர இவை தோதான வழிகள். பிரசவத்துக்குச் சேரும் முன் கட்டாயம் மழிக்க வேண்டும் என்பதும் பழைய பழக்கமே. சுகப்பிரசவத்துக்கு வழக்கமாக மழிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை.

நம்பிக்கை: நன்றாகத் தேய்த்துக் குளித்தால் அடைபட்ட முடி வெளியே வந்துவிடும்.

உண்மை: வீங்கிய தோலில் பீர்க்கங்காய் நாரும் சர்க்கரையும் போட்டுத் தேய்ப்பது புண்ணுக்கு மேல் புண். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். சாலிசிலிக் அமிலமோ கிளைகாலிக் அமிலமோ குறைந்த அளவில் உள்ள களிம்பு, வீக்கம் தணிந்த பிறகு அந்த வேலையை மென்மையாகச் செய்யும்.

நம்பிக்கை: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு இரண்டே நாளில் சரியாக்கிவிடும்.

உண்மை: இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அந்தக் களிம்பில் பெரும்பாலும் வீரியமுள்ள ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருக்கும். சிவப்பு மறைவது ஸ்டீராய்டால். முடி உள்ளேயே இருக்கும். நிறுத்தினால் திரும்பும், திரும்பியதும் மறுபடி பூசுவோம். சில வாரங்களில் முகத்தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், பரு கிளம்பும், படர்தாமரை இருந்தால் பரவும். 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு கட்டுப்படுத்தியும் கேட்டால் கிடைக்கிறது. மருத்துவர் பார்த்து மிதமானதைச் சில நாளுக்குக் கொடுப்பது வேறு விஷயம்.

லேசரால் முடியை நீக்குவதும் பலன் தரும். ஆனால் ஒரே அமர்வில் முடியாது, எல்லா லேசரும் நமக்கு ஒத்துவராது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை பாதுகாப்பானது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள். வேர் இருந்தால்தான் லேசர் வேலை செய்யும், எனவே முன்னதாக வாக்ஸிங் செய்யக் கூடாது.

மழிக்காத இடத்தில் உள்முடி வராது என்பதும் தவறு. முதுகு முடியும் இடத்தில், பிட்டப் பிளவில் முடி துளைத்துச் சீழ் வைப்பதுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிய வீரர்களிடம் அதிகம் காணப்பட்டதால் ‘ஜீப் நோய்’ என்றே பேர் வந்தது. முடிவெட்டும் தொழிலாளர்களுக்கோ வாடிக்கையாளரின் வெட்டுண்ட முடியே விரலிடுக்கில் துளைத்து உள்ளே போகும்.

பிட்டப் பிளவில் சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தாலோ, சர்க்கரை நோயாளிக்குக் கட்டி வந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். தாடைப் புடைப்புக்காகத் தோல் மருத்துவரைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரியாதைக்காக அன்று காலை சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். நாலு நாள் தாடி இருந்தால்தான் முடி எந்தப் பக்கம் வளைகிறது என்று அவருக்குத் தெரியும்.