ஆண்களும் அறிய வேண்டிய கிருமி



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெண்களின் பாடு என்றே நம் சபைகளிலும் கிராமங்களிலும் எண்ணி வருகிறோம். அந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸ் ஆண்களிடமும் மிகுதியாக உண்டு. இந்த இதழில் அதைக் குறித்துக் கற்றுக்கொள்வோம்.

எவ்வளவு பேருக்கு?

2023-இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இக்கிருமி இருக்கிறது. ஐவரில் ஒருவருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வகை இருக்கிறது. உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் இது பரவுகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறி ஒன்றும் தெரியாது. ஓரிரு வருடங்களில் உடலே அதை அகற்றிவிடும். ஆகவே பயப்பட வேண்டாம். அகலாமல் தங்கிவிட்டால்தான், பல வருடங்களுக்குப் பின் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயிலும், ஆண்களுக்கு ஆண்குறி, ஆசனவாய், தொண்டை ஆகிய இடங்களிலும் புற்றுநோய் வரக்கூடும். புகையிலைப் பழக்கம் ஆபத்தைக் கூட்டும்.

குடும்பத்தில் சந்தேகம் வேண்டாம்

அறந்தாங்கி, மணமேல்குடி பக்கத்தில் பல குடும்பத் தலைவர்கள் பிழைப்புக்காக வெளிநாடு சென்றிருக்கிறார்கள். மனைவிக்கு இக்கிருமி என்று தெரிந்ததும், "யாரால் வந்தது?" என்ற கேள்வி வீட்டையே உடைத்துவிடும். ஆனால் இது பல வருடங்கள் உடலில் மறைந்திருக்கக் கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. குற்றம் சாட்டுவதை விட்டு, மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதே புருஷனின் கடமை.

என்ன செய்யலாம்?

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம் பங்குகொண்ட ஆய்வொன்று 2007-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் அமிலம் தடவி கர்ப்பப்பை வாயைப் பார்வையிட்டு, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்ததால், இந்நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. பெரிய கருவிகள் இல்லாமலே கிராமத்தில் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆண்களுக்கு இத்தகைய வழக்கமான பரிசோதனை இல்லை. ஆகவே ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு, கழுத்தில் நெறிகட்டுதல், விழுங்கச் சிரமம் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

தடுப்பூசியும் உண்டு. 2023 ஜனவரியில் நம் நாட்டிலேயே தயாரான செர்வாவாக் வெளியிடப்பட்டது. இதை ஆண்பிள்ளைகளுக்கும் போடலாம். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். தமிழக அரசு 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதை வழங்க 36 கோடி ரூபாய் அறிவித்தது.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தால் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்டவர்கள் புதுக்கோட்டைத் தாய்மார்கள். கற்பதற்கு நம் மாவட்டம் தயங்கியதில்லை. இப்போது தகப்பன்மாரின் முறை.

ஜெபிக்கவும் செயல்படவும்

* உங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதை வாசியுங்கள்.
* நோயை மறைத்து வேதனைப்படும் தாய்மாருக்காக ஜெபியுங்கள்.
* ஏழைப் பெண்களின் பரிசோதனைச் செலவைத் தாங்க உதவுங்கள்.

 

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்