குற்றாலத் தண்ணீர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையேறி வந்துவிட்டால் தென்காசிச் சீமையில் சாரல் தொடங்கிவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் விழுகிறது என்ற சேதி பரவியதும் நாலா திசையிலிருந்தும் வண்டிகள் வந்து குவியும். கூட்டத்தோடு கூட்டமாகச் சில நம்பிக்கைகளும் ஆண்டுதோறும் வந்து சேர்கின்றன. சில, பாட்டன் காலத்தவை. சில, விளம்பரமும் வாட்ஸ்ஆப்பும் தந்தவை. மருத்துவமும் பொருளறிவியலும் சுற்றுச்சூழல் ஆய்வும் இவற்றுக்குத் தெளிவான விடை வைத்திருக்கின்றன. அந்த நம்பிக்கைகளில் ஆறை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: மூலிகைகளில் பட்டு வருவதால் அருவித் தண்ணீரே மருந்து.

உண்மை: மலையில் மூலிகை உண்டு; அதில் ஐயமில்லை. ஆனால் மருந்தை மருந்தாக்குவது அளவு. சித்த மருத்துவர்கள் மூலிகையை இடித்துப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை கொதிக்க வைத்துத்தான் கஷாயம் இறக்குகிறார்கள். வேரையும் சருகையும் நொடிப்பொழுது தொட்டுவிட்டுப் பாயும் மழைநீரில் அந்தச் சத்து எப்படி இறங்கும்?

நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளையும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று ஆராய்ந்தார்கள். அந்தச் சாறு இரத்த வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் கிடைத்தவைதான் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள். ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது கணக்கு. அதே மருந்து அளவு மீறினால் நரம்பைத் தாக்கும்.

அருவியில் நின்றால் உடம்பு லேசாவது பொய்யல்ல. குளிர்ந்த நீர் பட்டதும் நார்அட்ரினலின் சுரப்பு கூடுகிறது. விழும் நீரின் அழுத்தம் தசைகளைப் பிடித்துவிடுகிறது. அந்தச் சுகத்துக்கு மூலிகை தேவையில்லை. திடீர்க் குளிரில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும் என்பதால் இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

நம்பிக்கை 2: தலையில் அருவி விழுந்தால் மனநோய் தெளியும்.

உண்மை: தெளியாது. பல குடும்பங்கள் இந்த நம்பிக்கையோடு தங்கள் பிள்ளைகளை அருவிக்கு அழைத்து வந்திருக்கின்றன. அவர்களின் தவிப்பைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் மனச்சிதைவு என்பது மூளையின் வேதிச் செயல்பாட்டோடு தொடர்புள்ள நோய். 1952இல் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்த பிறகு அதற்கு மருந்து இருக்கிறது. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் குணம் கூடும். அருவி, கோயில், தர்கா என்று அலைந்து கழியும் ஆண்டுகள் அந்த வாய்ப்பைக் குறைக்கின்றன.

2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அந்தத் துயரத்தைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவரையும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் தொலைபேசி மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு ஆய்விலும் மறுவாழ்விலும் உலகறிந்த பெயர். வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

நம்பிக்கை 3: ஓடுகிற தண்ணீரில் அழுக்கு நிற்காது.

உண்மை: ஓட்டம் அழுக்கை அழிப்பதில்லை, அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. குற்றாலத்து நீர் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டு, வழியில் குளங்களையும் வயல்களையும் நிறைத்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியோ நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தரும் ஆறு.

தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம். அதைக் கண்ணால் காண முடியாது. அதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்கு அளவு வைத்திருக்கிறது. 100 மில்லி லிட்டரில் கோலிஃபார்ம் பாக்டீரியா 500க்கு மேல் போகக் கூடாது. லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீருக்கு விதி இன்னும் கடுமை: 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எனவே அருவி நீரைக் கையில் ஏந்திக் குடிப்பதை விடுங்கள். காய்ச்சிய தண்ணீரைக் கையோடு கொண்டுவாருங்கள்.

நம்பிக்கை 4: சோப்புதான் கெடுதல், சீயக்காயும் எண்ணெயும் இயற்கை, அவற்றால் தீங்கில்லை.

உண்மை: சீயக்காயில் நுரை வருவது சபோனின் என்ற பொருளால். எண்ணெய்ப் பிசுக்கை நீரோடு சேர்க்கும் வேலையை ஷாம்புவில் உள்ள சோடியம் லாரத் சல்பேட் எப்படிச் செய்கிறதோ, சபோனினும் அப்படியே செய்கிறது. மீனின் செவுள் இரண்டுக்குமே தாங்காது. மருக்காரைக் காயை நசுக்கி நீரில் கலந்து, மயங்கிய மீனைப் பிடிக்கும் பழைய வழக்கம் கிராமத்தாருக்குத் தெரியும். அந்தக் காயில் இருப்பதும் சபோனின்தான். செடி தந்தது என்பதாலேயே ஒரு பொருள் நீருக்கு நல்லதாகிவிடாது.

எண்ணெயின் கெடுதல் வேறு வகை. தேங்கிய நீரின் மேல் படலமாகப் படிந்து காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவதைத் தடுக்கிறது. பாறையில் படிந்து வழுக்கவும் செய்கிறது. நுண்ணுயிர்கள் இவற்றையெல்லாம் காலப்போக்கில் சிதைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு நேரமும் ஆக்சிஜனும் வேண்டும். ஒரு சீசன் ஞாயிறன்று பத்தாயிரம் பேர் ஆளுக்கு 6 மில்லி ஷாம்பு தேய்ப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே நாளில் 60 லிட்டர் ஆற்றில் இறங்குகிறது. தலைப்பிரட்டைக்கும் தட்டான் இளம்புழுவுக்கும் கல்லை ஒட்டி வாழும் சிறுமீனுக்கும் அது சிதையும்வரை காத்திருக்க முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. காவலர் கண்ணில் படாமல் தேய்ப்பது எப்படி என்று யோசிப்பதை விட்டு, அந்தத் தடையின் காரணத்தை நாம் உணர வேண்டும். எண்ணெய்க் குளியல் வேண்டுமானால் தங்கும் அறையில் முடித்துவிட்டு வரலாம்.

நம்பிக்கை 5: ஷாம்பு பாக்கெட் சின்னதுதானே; 'மக்கும்' என்று போட்ட பை என்றால் கவலையே இல்லை.

உண்மை: கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் பாக்கெட் ஷாம்புக்கு முன்னோடி. எளியவர் கைக்கும் ஷாம்புவை எட்ட வைத்த யோசனை அது. ஆனால் அந்த உறை பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலித்தீன் என்று பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படுகிறது. அடுக்குகளைப் பிரிப்பது கடினம், செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே காயலான் கடைக்காரர்கள் அதை எடுப்பதில்லை. வெயிலிலும் உராய்விலும் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகிறது.

மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலப் பையும் காட்டில் மக்காது. அதற்கு 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உரக்கூடம் வேண்டும். குற்றாலத்துக் குளிர்ந்த ஓடையில் அது மற்றப் பிளாஸ்டிக் போலவே கிடக்கும். பாலித்தீனை உருக்கித் தார்ச்சாலை போட வழி கண்ட மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் சேகரித்துத் தரம் பிரித்த பிளாஸ்டிக்தான் சாலைக்கு வரும். பாறை இடுக்கில் செருகியது வராது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. மஞ்சப்பை கையில் இருந்தால் போதும்.

நம்பிக்கை 6: மூலிகையால் செய்த நானோ வெள்ளி புற்றுநோய் செல்லைக் கொன்றது, ஆகவே மருந்து கண்டுபிடித்தாயிற்று.

உண்மை: மூலிகை மலையின் பெருமையோடு சேர்ந்து இத்தகைய செய்திகளும் அடிக்கடி வருகின்றன. இலைச்சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால் வெள்ளி அயனிகள் நுண்துகள்களாக மாறுகின்றன. இது நல்ல வேதியியல். கடும் இரசாயனங்களின் தேவையையும் குறைக்கிறது. ஆனால் கிடைப்பது வெள்ளி. வெள்ளி கிருமியைக் கொல்லும். தீப்புண் களிம்பில் அது நெடுங்காலமாக இருக்கிறது. நீரில் இறங்கினால் ஆற்றுக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் அதே வெள்ளி கொல்லும்.

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லை உப்பும் கொல்லும், சாராயமும் கொல்லும். அடுத்து விலங்குச் சோதனை, பிறகு மனிதரில் மூன்று கட்டச் சோதனை. இவற்றைக் கடந்து வருவன மிகச் சில. தட்டில் கிடைத்த முடிவு ஒரு தொடக்கம். அதை நம்பிப் புற்றுநோய் சிகிச்சையை நிறுத்தியவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இந்த ஆறிலும் ஓடும் தவறு ஒன்றே: இயற்கையானது என்றால் அளவு பார்க்க வேண்டாம் என்று எண்ணிவிடுகிறோம். அருவியைத் தெய்வ மருந்து என்று கும்பிடும் நாமே, அது எதையும் தாங்கும் என்று நம்பி அதில் பாக்கெட் பாக்கெட்டாக நுரையைக் கரைக்கிறோம்.

தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இதே மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. அதன் துணையோடு சீசன் நாட்களில் அருவி நீரின் கோலிஃபார்ம் அளவையும் ஆக்சிஜன் அளவையும் வாரந்தோறும் பரிசோதித்து, ஒவ்வொரு அருவிக்கரையிலும் பலகையில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். குளிக்க வருபவர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது: அருவிக்கு உடம்பை மட்டும் கொண்டுவாருங்கள்; சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள்.