அவர் மலையேறி வீடு திரும்ப வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

புற்றுநோய்க்குச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையைப் பயின்று, பழனிமலை அடிவாரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். மிக்க மகிழ்ச்சி. இனி பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று மலையூர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் உன்னைத் தேடி வருவார்கள். அவர்கள் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

தழும்பு சிறிதாக இருப்பதுதான் பெரிய லாபம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பூண்டு வயலில் வேலை செய்யும் பெண்ணின் முதல் கேள்வி, "நோய் முழுசாப் போயிருமா டாக்டர்?" என்பது. அடுத்து, "எப்ப காட்டு வேலைக்குப் போகலாம்?" பிறகு, "கூட ஒரு ஆளு எத்தனை நாளு இருக்கணும்?" முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும், துணைக்கு வந்தவர் இழக்கும் கூலியை யார் தருவார்கள்? தழும்பைப் பற்றிய கேள்வி வந்தாலும் கடைசியில்தான் வரும். நீயும் இதே வரிசையில் யோசி.

முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் துணிவு வேண்டும். ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையையும் துளையிட்டுச் செய்வதையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2018-இல் வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம்; துளை முறையில் 86 சதவீதம். நம் கைக்கு எளிதான கருவி, நோயாளியின் உயிருக்கு எப்போதும் பாதுகாப்பானதல்ல என்று அன்று உலகம் தெரிந்துகொண்டது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே இரு முறைகளிலும் உயிர்பிழைப்பு ஏறக்குறைய சமம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே துளை முறையைத் தயங்காமல் சொல். எந்தப் புற்றுக்கு எது என்பதை உன் திறமை முடிவு செய்யக் கூடாது. சான்று முடிவு செய்யட்டும்.

அடுத்தது, வீட்டுக்கு அனுப்பும் நாள். வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். நமக்கு அது சாதாரணம். வயிற்றில் ஆபரேஷன் செய்தவருக்குத் தோளில் வலி வந்தால், நோய் அங்கே பரவிவிட்டது என்றுதான் தோன்றும். வத்தலக்குண்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மறுபடி உன்னிடம் வர அவருக்கு அரை நாள் போய்விடும். ஆகவே முன்கூட்டியே சொல்.

வீட்டாரிடமும் பேசு. மூன்று நான்கு சிறு துளைகளைப் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தானே" என்று குடத்தையும் விறகுக் கட்டையும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். உள்ளே வெட்டியதும் தைத்ததும் திறந்த முறையில் செய்த அதே அளவுதான். எத்தனை வாரம் சுமை தூக்கக் கூடாது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடு. பாதியில் வயிற்றைத் திறக்க நேரலாம் என்பதையும், அது தோல்வியல்ல, பாதுகாப்பு என்பதையும் கையெழுத்து வாங்கும்போதே விளக்கிவிடு.

கடைசியாக ஒன்று. நீ வேலை செய்யும் இந்தத் திண்டுக்கல் மாவட்டத்துக்கு உலக மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு. இங்குள்ள கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெறுங்கண்ணால் பார்த்துப் பரிசோதித்தார்கள். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒரு முறை செய்த அந்தப் பரிசோதனையும் தொடர்ந்த சிகிச்சையும் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஆபரேஷனே தேவைப்படாமல் போவதைவிட ஒரு பெண் மதிக்கக்கூடியது வேறென்ன?

ஆகவே தம்பி, உன் கைத்திறனை வளர்த்துக்கொள்; அதோடு நின்றுவிடாதே. பரிசோதனை முகாம்களுக்காக நீயும் மலையேறு.

அன்புடன்,
உன் மூத்த சக மருத்துவன்